கூரையில் பனல் போட்டால் போதுமா? கொழும்பு நிர்மாணத்துறை தவிர்க்க வேண்டிய தவறுகள்

2030-இல் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க வலுசக்தியிலிருந்து வர வேண்டும், 2050-இல் காபன் சமநிலை எட்ட வேண்டும். இலங்கை வைத்திருக்கும் இலக்குகள் இவை. காற்றாலைக்கு அத்திவாரம் போடுவதும், மின்மார்க்கக் கோபுரம் நடுவதும், நாளைக்கு மின்சாரம் பாவிக்கப்போகும் கட்டடங்களை இன்றைக்கு எழுப்புவதும் நிர்மாண நிறுவனங்கள்தான். ஆகவே இந்த இலக்குகளில் அவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் கட்டுகிறவர்களோடு பேசினால், காபன் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் வருகிறது. வரைபடம் முடிந்து, கேள்விப்பத்திரம் போய், கொங்கிரீட்டும் போட்ட பிறகு, "மேலே கொஞ்சம் சோலார் பனல் போடுவோம்" என்கிறார்கள். கீழே சொல்லப்போகும் தவறுகள் அநேகமாக இந்தத் தாமதத்திலிருந்து பிறப்பவை.

முதலில் சீமெந்து. ஒரு கட்டடம் முதல் மின்விளக்கை ஏற்றுவதற்கு முன்பே, அதன் வாழ்நாள் காபனில் கணிசமான பங்கை வெளியேற்றி முடித்திருக்கும். சுண்ணாம்புக்கல்லைக் கிட்டத்தட்ட 1450 பாகை செல்சியசில் சுட்டுத்தான், சீமெந்தாக அரைக்கப்படும் கிளிங்கர் கட்டிகளை எடுக்கிறார்கள். உலைக்கு எரிக்கும் எரிபொருளின் புகை ஒரு பக்கம் இருக்க, கல்லே உடைந்து காபனீரொட்சைட்டை விடுகிறது. சீமெந்துத் தொழிலின் உமிழ்வில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்து வருவது. உலையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அது நிற்காது. சாதாரண போர்ட்லண்ட் சீமெந்தில் போட்ட ஒரு கன மீற்றர் கொங்கிரீட்டுக்கு ஏறத்தாழ 300 கிலோ காபனீரொட்சைட்டு என்று வைத்துக்கொள்ளலாம். 100 கன மீற்றர் சிலாப் ஒன்று 30 தொன். ஏறக்குறைய 11,000 லீற்றர் டீசலை எரித்ததற்குச் சமம்.

இவ்வளவு கனமான இடத்தில்தான் நம் சைட்டுகளில் அதிகம் வீணாகிறது. "சீமெந்து கூடினால் பலம் கூடும்" என்று ஒரு மூடை கூட்டிப் போடுவது, பொறியியலாளர் கேட்ட கொங்கிரீட் தரத்துக்கு மேலே ஒரு தரத்தை ஓடர் பண்ணுவது, எல்லாத் தூணுக்கும் ஒரே கலவை ஊற்றுவது, எல்லாம் பழக்கத்தில் வருகின்றன. சீமெந்து கூடினால் சூடும் கூடும், வெடிப்பும் வரும். தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தி, ஏழு நாளாவது ஒழுங்காக நீரூற்றி ஈரம் காத்தால் கிடைக்கும் பலனை அந்த மேலதிக மூடை தராது.

நிலக்கரிச் சாம்பல் கலந்த சீமெந்தைத் தவிர்ப்பது இன்னொரு தவறு. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் சாம்பல் சீமெந்துத் தொழிலுக்குப் பயன்படுகிறது. அது கிளிங்கரின் ஒரு பங்கை இடம்பெயர்க்கிறது. "அது இறுக நாள் எடுக்கும்" என்று பாஸ்மார் சொல்வது உண்மைதான், ஆரம்ப நாட்களில் பலம் மெதுவாக ஏறும். ஆனால் வழக்கமாகப் பலத்தை அளக்கும் 28 நாளைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போகும். அத்திவாரம் போல உடனே பாரம் ஏறாத பகுதிகளுக்கு 56 நாள் பலத்தை அளவாக வைக்கலாம் என்று பொறியியலாளரோடு ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டால் விஷயம் முடிந்தது. கொங்கிரீட்டைத் தாங்கும் பலகையைக் கழற்றும் நாளையும் அதற்கேற்ப அட்டவணையில் போட வேண்டும். கடற்கரையோரக் கொழும்புக்கு இதில் ஒரு நேரடி லாபமும் உண்டு. நன்றாக நீரூற்றி இறுகிய சாம்பல் கலவைக்குள் உப்பு எளிதில் இறங்காது. மெரின் டிரைவ் பக்கம் கம்பி துருப்பிடித்துப் பால்கனி உதிரும் கட்டடங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நிலக்கரி ஒருநாள் நிற்கத்தான் போகிறது, சாம்பலும் அதோடு நின்றுவிடும். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்துக் கிளிங்கரைப் பாதியளவுக்குக் குறைக்கும் சீமெந்து வகை பிற நாடுகளில் வந்துவிட்டது. அதை இப்போதே பரிசோதித்துப் பழகுவது நம் நிறுவனங்களுக்கு நல்லது.

அடுத்தது கண்ணாடி. கொழும்பில் கடல் மேற்கே இருக்கிறது. கடல் தெரியும் வீடு நல்ல விலைக்குப் போகும் என்பதால், மேற்குச் சுவர் முழுவதையும் கண்ணாடியாக்கி விடுகிறார்கள். இந்த ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைதான் வடக்கே. நண்பகலில் சூரியன் தலைக்கு மேலே நிற்கும், சுவரைத் தாக்குவது காலையில் கிழக்கிலும் பின்னேரம் மேற்கிலும்தான். பின்னேர வெயிலில் சூடேறிய கொங்கிரீட் இரவெல்லாம் அந்தச் சூட்டை அறைக்குள் விடும். ஏசி முழு வேகத்தில் ஓடும். மின்சாரத்தின் உச்ச நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை, சூரிய மின்சாரம் இல்லாத நேரம். அப்போது கூடும் ஒவ்வொரு ஏசிக்கும் நீர்த்தேக்கமோ நிலக்கரியோ எண்ணெயோ ஈடுகொடுக்க வேண்டும். ஒரு மேற்கு யன்னலுக்கு நிழல் கொடுக்காமல் விட்டது இப்படித்தான் நாட்டின் எரிபொருள் செலவாகிறது.

அதற்குத் தீர்வு தேட வெளிநாடு போகத் தேவையில்லை. ஹைட் பார்க் கோர்னரில் 1970-களில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அரச ஈட்டு வங்கிக்காக வடிவமைத்த உயர்ந்த கட்டடம், காற்றும் வெளிச்சமும் இயற்கையாக உள்ளே வரும்படி திட்டமிடப்பட்டது. ஆழமான பால்கனி, நீட்டிய சன்சேட், எதிரெதிர் யன்னல், வெள்ளைக் கூரை. இவை வரைபடத்தில் இருக்கும்போது மலிவு, கட்டி முடித்த பிறகு சேர்க்கப் பார்த்தால் கையைக் கடிக்கும்.

சரி, பனலுக்கு வருவோம். பனல் நல்லது, போடத்தான் வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு ஐந்தாறு சதுர மீற்றர் இடம் வேண்டும், கொழும்பில் அது மாதத்துக்குச் சுமார் 100 முதல் 120 யூனிட் தரும். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் கூரையில் தண்ணீர்த் தாங்கி, லிஃப்ட் அறை, ஏசி வெளிப்பெட்டிகள் போக மிஞ்சும் இடத்தைக் கணக்குப் பார்த்தால், பொது விளக்கும் லிஃப்டும் ஓடும் அளவுக்கு வந்தாலே பெரிது. வீடுகளுக்கெல்லாம் இலவச மின்சாரம் என்று வாங்குபவரிடம் சொல்வது தவறு. தாங்கியின் நிழல் ஒரு பனலில் விழுந்தாலும் அதோடு தொடராக இணைத்த மற்றப் பனல்களின் உற்பத்தியும் குறையக்கூடும் என்பதால், கூரையில் எது எங்கே வரும் என்பதை முதல் வரைபடத்திலேயே தீர்மானிக்க வேண்டும். நீர்ப்புகாப் பூச்சு முடிந்த சிலாப்பில் பிறகு துளை போட்டால் ஒழுக்கு வரும். கடற்காற்றில் சாதாரண இரும்பு ஆணி சில வருடங்களில் போய்விடும். அலுமினியச் சட்டத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு ஆணிதான் வேண்டும்.

பனலை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் நாட்டு மின்வலைக்கு என்ன நடக்கும் என்பதை 2025 பெப்ரவரி 9 காட்டியது. அது ஞாயிற்றுக்கிழமை. மின்தேவை குறைவு, வெயில் நன்றாக அடித்தது, கூரைச் சூரிய மின்சாரம் வலையில் பெரும்பங்கு. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் கோளாறு ஏற்பட, நாடு முழுவதும் இருண்டது. வலையைத் தாங்கிப் பிடிக்க, நீர், அனல் மின்நிலையங்களில் சுழலும் இயந்திரங்கள் போதாமல் போயின. அந்த ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைப் பனல்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. பற்றரிச் சேமிப்பும், உபமின்நிலையமும், மின்மார்க்கமும் பனலோடு சேர்ந்து வளர வேண்டும். இவை பெரும்பாலும் சிவில் வேலை. நிலம், அத்திவாரம், கேபிள் வழி எல்லாம் நேரத்துக்கு முடியாவிட்டால் தயாரான மின்சாரமும் பயன்படாமல் நிற்கும். புதுத் தொடர்மாடி கட்டுகிறவர்கள் பற்றரிக்கு ஓர் அறையும், வாகனத் தரிப்பிடத்தில் மின்கார் ஏற்றும் கேபிளுக்குக் குழாயும் இப்போதே விட்டுவைக்கலாம். குழாய்க்கு ஆகும் செலவு சொற்பம்.

மன்னார் காற்றாலை விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 கோபுரங்கள், 103.5 மெகாவாட். நாட்டுக்கு வேண்டிய மின்சாரம்தான். ஆனால் 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் தெருவில் இறங்கினார்கள். மழைநீர் முன்போல் வடிவதில்லை என்பது அவர்களின் முறைப்பாடுகளில் ஒன்று. கடற்றொழில் பற்றியும் கவலை இருக்கிறது. தாழ்ந்த மணல் தீவில் பாரந்தூக்கி போவதற்குப் பாதையை உயர்த்திவிட்டு, போதிய மதகு வைக்காமல் விட்டால் தண்ணீர் எங்கே போகும்? அது நிர்மாணத்தவர் பொறுப்பு. வலசைப் பறவைகள் வரும் தீவும் அதுவேதான், பக்கத்திலேயே வங்காலைச் சரணாலயம். கொழும்பில் உட்கார்ந்து கோப்பைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு, வேலை தொடங்கும் நாளில் ஊராரைச் சந்திப்பது பெரிய தவறு. மாரிக்கு முன்னும் பின்னும் தண்ணீர் எந்த வழியால் ஓடுகிறது என்று ஊரில் வயதானவர்களைக் கேட்டுத்தான் மதகின் இடத்தைக் குறிக்க வேண்டும். தூய மின்சாரம் என்ற பெயரில் ஒரு ஊரின் கிணற்றையும் கரைவலையையும் கெடுத்தால், அடுத்த திட்டத்துக்கு அந்த ஊர் கதவு திறக்காது.

சைட் ஜெனரேட்டர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2022-இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டைக் கண்ட பிறகு பலர் தேவைக்கு மேல் பெரிய ஜெனரேட்டரை வாங்கிப் போட்டார்கள். குறைந்த பாரத்தில் ஓடும் பெரிய இயந்திரம் யூனிட்டுக்கு அதிக டீசல் குடிக்கும். தற்காலிக மின் இணைப்புக்கு வேலை தொடங்குமுன்பே விண்ணப்பித்துவிட்டு, ஜெனரேட்டரை ஒதுக்காக மட்டும் வைத்துக்கொண்டால் செலவும் இறங்கும்.

கடைசியாகக் கணக்கு. பல நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் தலைமை அலுவலக மின்கட்டணமும் வாகன எரிபொருளும் காபன் கணக்கில் வரும், வாங்கிய சீமெந்தும் கம்பியும் வராது. உமிழ்வின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. பீஓகியூவில், அதாவது வேலை அளவும் விலையும் எழுதும் பட்டியலில், ஒவ்வொரு கொங்கிரீட் வரிக்கும் பக்கத்தில் காபன் அளவுக்கு ஒரு நிரலைச் சேர்த்தால் போதும், பெரிய மென்பொருள் தேவையில்லை. கேள்விமனு கோருகிறவர், அரசாங்கமோ தனியாரோ, அந்த நிரலை நிரப்பாத விலைமனுவை ஏற்கமாட்டோம் என்று எழுதட்டும். இப்போது பெரும்பாலும் குறைந்த விலைதான் வெல்கிறது. சாம்பல் கலவையும் நிழலும் யோசித்து வரும் ஒப்பந்தகாரருக்கு அதனால் ஒரு புள்ளிகூடக் கிடைப்பதில்லை.