டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்ததா என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஆம்பூரிலிருந்து திரும்பும்போது, பள்ளிகொண்டா டோலைத் தாண்டியதும் எங்கள் பெட்ரோல் காரின் டைமிங் பெல்ட் (கிராங்க்கையும் கேமையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பெல்ட்) அறுந்தது. சத்துவாச்சாரி வரை கட்டி இழுத்து வந்தோம். முதல் சோதனையில் நாலு சிலிண்டரும் போச்சு என்று தெரிந்தது. வேறு இன்ஜின் வாங்கிப் போடலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். தப்பு என் சோதனையில்தான் இருந்தது.

பெல்ட் அறுந்த பிறகு செல்ஃப் அடிக்காதீர்கள். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் நின்றுவிட்டதால் திறந்த வால்வு திறந்தே இருக்கும். பல இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வந்து அதை இடிக்கும். இந்த நிலையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்தாலும் பயனில்லை, நல்ல சிலிண்டரும் பூஜ்யம் காட்டலாம்.

அதனால் முதல் வேலை, டைமிங்கைச் சரியாக வைப்பது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டான கிராங்க்கை, முதல் பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் டாப் மார்க்கிலிருந்து கால் சுற்று பின்னால் நிறுத்துங்கள். நாலு பிஸ்டனும் பாதி உயரத்தில் நிற்கும், கேமைத் திருப்பினால் வால்வு இடிக்காது. கேமை மார்க்குக்குக் கொண்டுவந்து, அப்புறம் கிராங்க்கை அதே கால் சுற்று முன்னால் திருப்பி மார்க்கில் வைத்து, பெல்ட்டைப் போடுங்கள்.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த இடத்தில். பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனரை இறுக்கும்போது கேம் இரண்டு பல் நகர்ந்ததை நான் கவனிக்கவில்லை. அதனால்தான் முதல் சோதனையில் நாலு சிலிண்டரும் 90 பிஎஸ்ஐக்குக் (அழுத்தத்தின் அளவு) கீழே காட்டின. இறுக்கிய பிறகு ஸ்பேனர் போட்டுக் கிராங்க்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, இரண்டு மார்க்கும் மறுபடி சேர்கிறதா என்று பாருங்கள். நடுவில் கெட்டியாக முட்டினால் பலம் போடாமல் நிறுத்திவிடுங்கள்.

சரி, இப்போது கம்ப்ரஷன். பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் காயில் கனெக்டரையும் எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்தாறு துடிப்பு செல்ஃப் அடியுங்கள். பிளக் துளையில் ரப்பரை அழுத்திப் பிடிக்கும் கேஜ் வேண்டாம், கசியும். மரை போட்டுத் திருகும் கேஜே வாங்குங்கள். இந்த முறை எனக்கு மூன்று சிலிண்டரில் 160 வந்தது, மூன்றாம் நம்பர் சிலிண்டரில் மட்டும் பூஜ்யம்.

குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

உறுதி செய்ய, அந்த பிஸ்டனைக் கம்ப்ரஷன் டாப்பில் (வால்வுகள் மூடியிருக்க வேண்டிய உச்சி நிலை) நிறுத்தி பிளக் துளை வழியே காற்று ஏற்றுங்கள். ஸ்பேனரை முன்பே எடுத்துவிடுங்கள், காற்றழுத்தத்தில் கிராங்க் திரும்பிக் கையை அடிக்கும். காற்று உள்ளே போகும் த்ராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. எனக்குச் சைலன்ஸரில்தான் சீறியது. ஹெட்டை இறக்கிப் பார்த்தபோது வளைந்திருந்தது அந்த எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றுதான்.

பின்சேர்க்கை: டீசல் காருக்கும் இதே கேஜ் போதுமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். போதாது. டீசலில் அழுத்தம் 400 வரை போகும், 300 வரை காட்டும் பெட்ரோல் கேஜ் கெட்டுவிடும். டீசலுக்கென்று விற்கும் கேஜையே வாங்குங்கள்.