சுடுதண்ணீர் இல்லாமல் பாப்பாவுக்குப் பால்: சூட்டைக் குறைத்துப் பழக்கும் முறை

தைப்பூசத்தன்று செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறி பத்துமலைக்குப் போனோம். பாப்பாவுக்கு அப்போது நான்கு மாதம். கூலர் பையில் இரண்டு போத்தல் தாய்ப்பால், தனியாக ஒரு பிளாஸ்கில் சுடுதண்ணீர். கூட்ட நெரிசலில் பிளாஸ்க் மூடி கழன்று, மாற்றுத்துணி எல்லாம் நனைந்ததுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் சில்லென்ற போத்தலை அப்படியே நீட்டினேன். ஒரு வாய் இழுத்தாள், என்னை ஒரு முறை முறைத்தாள், துப்பிவிட்டு அலற ஆரம்பித்தாள். கடைசியில் தண்ணீர்ப் பந்தலில் மைலோ கலக்கிக்கொண்டிருந்த ஓர் அண்ணன் ஒரு மங்கில் சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்துக் காப்பாற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் முடிவு செய்தேன்: இவளை எந்தச் சூட்டிலும் குடிக்கப் பழக்கிவிட வேண்டும். மூன்று வாரம் ஆனது. இப்போது பிரிட்ஜிலிருந்து எடுத்ததைக்கூடக் குடிக்கிறாள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமாக, நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பாலைச் சூடாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. வெதுவெதுப்பு என்பது பழக்கம்தான். குறைமாதக் குழந்தை, எடை ஏறாத குழந்தை என்றால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். "சில்லுனு குடுத்தா நெஞ்சுல சளி கட்டும்" என்று என் அத்தை ஒரு வாரம் என்னோடு பேசவே இல்லை. சளி வருவது வைரஸால், பாலின் குளிர்ச்சியால் அல்ல என்று நான் சொன்னபோது நம்பாதவர், கிளினிக்கில் மிசி (நர்ஸ்) அதையே சொன்னதும் "அப்படியாம்மா?" என்று கேட்டுக்கொண்டார். அது இருக்கட்டும்.

சாமான்: ஒரு அகலமான மங்கு, ஒரு தெர்மாமீட்டர். அவ்வளவுதான். தெர்மாமீட்டரைக் குழந்தைச் சாமான் கடையில் வாங்காதீர்கள். கேக் சாமான் விற்கும் கடையில் குச்சி போன்ற டிஜிட்டல் ஒன்று கிடைக்கும். நான் இருபது வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். போத்தல் சூடாக்கும் மின்கருவியும் என்னிடம் இருக்கிறது, அலமாரி மேல் தூசி படிந்து. அது பாலைத் தேவைக்கு மேல் சூடாக்கிவிட்டு, அணைக்க மறந்தால் மணிக்கணக்கில் இளஞ்சூட்டிலேயே வைத்திருக்கும். கிருமி பெருகுவதற்கு அதைவிட நல்ல இடம் வேண்டுமா? மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். போத்தல் வெளியே ஆறியிருக்கும், உள்ளே ஓரிடத்தில் கொதிக்கும், நாக்கு வெந்துவிடும்.

படி 1. இரண்டு நாள் எப்போதும் போல 37 டிகிரியிலேயே கொடுங்கள், ஆனால் அளந்து கொடுங்கள். நான் "சரியான சூடு" என்று நினைத்துக் கொடுத்தது 41 டிகிரி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மங்கில் ஊற்றும் தண்ணீர் 40 டிகிரி அளவில் இருந்தால் போதும், கொதிநீர் வேண்டாம். போத்தலை மெதுவாகச் சுழற்றிவிட்டு அளக்கவும். மணிக்கட்டில் சொட்டுவிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் முதல் சொட்டை நம்பாதீர்கள், ஆறிக்கிடந்த காம்பில் பட்டு வருவது அது.

படி 2. இரண்டு நாளுக்கு ஒரு முறை 3 டிகிரி குறையுங்கள். 37, 34, 31, 28. காலையில் எழுந்ததும் குடிக்கும் பாலில் முயன்று பார்த்தேன், அதுதான் எங்களுக்கு ஒத்துவந்தது. இரவு தூங்கப் போகும் பாலில் மட்டும் கை வைக்காதீர்கள், யாருக்கும் தூக்கம் இருக்காது. 28 என்பது நம்ம ஊரில் வீட்டுச் சூடுதானே, அதுவரைக்கும் பாப்பா கண்டுகொள்ளவே இல்லை.

படி 3. இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். 20, பிறகு 12, பிறகு பிரிட்ஜ் சூடு என்று இறக்கினேன். குடித்துவிட்டாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் மறுபடி பசி. பேபிசிட்டர் அக்கா, "பால் பத்தலைம்மா, இன்னும் ரெண்டு அவுன்ஸ் கூட்டி வை" என்றார். நான்கு நாள் கூட்டி வைத்தேன், பயன் இல்லை. ஐந்தாம் நாள் போத்தலைக் கழுவும்போதுதான் கவனித்தேன்: உள்சுவரில் பாலிருந்த அளவுக்கு வெண்ணெய் தடவியது போல ஒரு வளையம். விரலால் வழித்தால் வழுக்குகிறது. கொழுப்பு!

தாய்ப்பால் கடையில் வாங்கும் பால் போல ஒருசீராக இருக்காது. பிரிட்ஜில் வைத்ததும் கொழுப்பு மேலே ஏறிப் படியும். சில்லென்று இருக்கும்போது அது கெட்டியாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு சுழற்றினாலும் முழுதாகக் கலக்காது. பாப்பா குடித்தது தண்ணீர்ப் பாகத்தை. பசியை அடக்கும் பாகம் சிங்க்கில் போய்க்கொண்டிருந்தது.

தீர்வு சுலபம், செலவும் இல்லை. போத்தலைக் குழாய்த் தண்ணீரில் காட்டி, திருப்பித் திருப்பி இரண்டு நிமிடம் பிடியுங்கள். கோலாலம்பூர்க் குழாயில் பச்சைத் தண்ணீர் என்று ஒன்று எப்போது வந்தது? எங்கள் பிளாட்டில் மாடித் தொட்டி வெயிலில் காய்ந்து மத்தியானம் 31 டிகிரி காட்டுகிறது. சுவரை ஒட்டிய பால் அந்த அளவுக்கு இளகினால் கொழுப்பு விட்டு இறங்கும், நடுவில் பால் குளிர்ச்சியாகவே இருக்கும். பிறகு சுழற்றுங்கள். வளையம் போனதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இப்போது சூட்டைவிட முக்கியமானது, கடிகாரம். புதிதாக எடுத்த பால் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் 4 மணி நேரம் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. ஏர்கான் ஆபீசுக்கு அது சரி. பகலில் 32, 33 தொடும் நம் ஊரில் ஏர்கான் இல்லாத வீட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது. நான் உடனே பிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். பிரிட்ஜில் 4 நாள். ஐஸ் பாக்கெட்டோடு கூலர் பையில் 24 மணி நேரம். உறைந்ததை இளக்கினால் பிரிட்ஜில் 24 மணி நேரம், மறுபடி உறைய வைக்கக் கூடாது. ஒரு தடவை சூடாக்கினாலோ, பாப்பா வாய் வைத்தாலோ 2 மணி நேரம். அதற்கப்புறம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஊற்றிவிட வேண்டியதுதான்.

பின்னர் சேர்த்தது: பால்மாவுக்கும் இதே முறையா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். குடிக்கும் சூட்டைக் குறைப்பது அதேதான். கலக்கும் சூடு வேறு! பால்மாவு கிருமியே இல்லாத பொருள் அல்ல. அதனால் உலக சுகாதார நிறுவனம் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்கச் சொல்கிறது. கொதித்த தண்ணீரை அரை மணி நேரத்துக்குமேல் ஆறவிடாமல் கலந்துவிட்டு, மூடிய போத்தலைக் குழாயடியில் பிடித்து ஆற வையுங்கள். சூடில்லாத தண்ணீரில் கலந்து "பாப்பா ஆறினதைக் குடிக்கப் பழகிட்டா" என்று என் பெயரைச் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் சேர்க்கிறேன்: இளக்கிய பாலில் சோப்பு வாடை வருகிறது, குழந்தை தொடவே மாட்டேன் என்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் நடந்தது. பாலிலுள்ள லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வரும் வாடை. கெட்டுப்போன பால் அல்ல, குடித்தால் ஆபத்தில்லை, குடித்தால்தானே. பாலை எடுத்த உடனேயே ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வரும்வரை அடுப்பில் காட்டி, கொதிக்க விடாமல் இறக்கி, ஐஸ் தண்ணீரில் வைத்துச் சட்டென்று ஆறவிட்டு உறைய வைத்தால் வாடை வராது. ஏற்கனவே உறைய வைத்ததற்கு இது உதவாது. என்னிடம் அப்படி ஆறு பை இருந்தது. எல்லாம் பாப்பா குளிக்கும் தண்ணீரில் போய்ச் சேர்ந்தது.