ஹிதயத்துல்லா வாழ்க்கையை எப்படி படிச்சா மறக்காது

போட்டித் தேர்வுக்கு படிக்கற பாலிட்டி (அரசியலமைப்பு) நோட்ஸ்ல எல்லாம் ஹிதயத்துல்லாவுக்கு ஒரு வரிதான் கொடுத்திருப்பாங்க, "குடியரசுத் தலைவர் பொறுப்பை வகித்த தலைமை நீதிபதி", அவ்ளோதான். அத மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு போனா மெயின்ஸ்ல (விரிவா எழுதற தேர்வுல) ஒரு பக்கம் கூட எழுத வராது, அந்த மனுஷனோட பெருமையும் நமக்கு புரியாது.

பிறந்த வருஷத்துல ஆரம்பிக்காதீங்க, 1969 மே 3ல ஆரம்பிங்க. அன்னைக்குதான் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவில இருக்கும்போதே இறந்துபோறாரு, குடியரசுத் துணைத் தலைவர் வி.வி.கிரி அரசியலமைப்போட 65வது பிரிவுப்படி அந்த பொறுப்புக்கு வர்றாரு. இங்க நிறுத்தி நோட்டுல ஒரு கேள்வி எழுதிக்கோங்க, கிரியும் விலகிட்டா யாரு? அரசியலமைப்புல இதுக்கு நேரடியா பதில் கிடையாது, 70வது பிரிவு அத பார்லிமெண்ட் கையில விட்டுடுது. அதனால அதே மே மாசம் பார்லிமெண்ட் ஒரு சட்டம் போடுது, துணைத் தலைவரும் இல்லன்னா உச்ச நீதிமன்ற தலைமை நீதிபதி, அவரும் இல்லன்னா இருக்கற நீதிபதிகள்ல சீனியரா இருக்கறவர். ஜூலை 20ல கிரி குடியரசுத் தலைவர் தேர்தல்ல நிக்கறதுக்காக ராஜினாமா பண்றாரு, ஹிதயத்துல்லா பொறுப்புக்கு வந்து ஆகஸ்ட் 24 வரைக்கும் 35 நாள் இருக்காரு.

அடுத்து எந்த பேப்பர்ல யாரு கையெழுத்துன்னு பிரிச்சு வச்சுக்கோங்க, இதுல குழம்பாதவங்க கம்மி. 14 பேங்க்க அரசுடமை ஆக்குன அவசரச் சட்டம் ஜூலை 19, அது கிரி கையெழுத்து. அப்புறம் பார்லிமெண்ட்ல பாஸ் ஆன மசோதாவுக்கு ஆகஸ்ட் 9ல ஒப்புதல் கொடுத்தது ஹிதயத்துல்லா. அந்த சட்டத்த எதிர்த்து பேங்க் பங்குதாரர் கூப்பர் போட்ட கேஸ 11 நீதிபதிங்க கேட்டாங்க, ஜே.சி.ஷா தலைமையில, அப்போ தலைமை நீதிபதியா திரும்பி வந்துட்ட ஹிதயத்துல்லா அந்த பெஞ்ச்ல இல்ல. 1970 பிப்ரவரி 10ல அந்த சட்டம் செல்லாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. ஒப்புதல் கொடுத்தவரே தீர்ப்பும் சொல்ற நிலைமை வராம போனது கோர்ட்டுக்கு எவ்ளோ நல்லதுன்னு யோசிச்சு பாருங்க.

அதோட மன்னர் மானிய (பழைய சமஸ்தான மன்னர்களுக்கு அரசு கொடுத்துட்டு வந்த பணம்) கேஸ சேர்த்து படிக்கணும், என்னைக் கேட்டா அவர் வாழ்க்கையில பெரிய இடம் இதுதான். மன்னர்களோட அங்கீகாரத்த ரத்து பண்ணி குடியரசுத் தலைவர் போட்ட உத்தரவு செல்லாதுன்னு 1970 டிசம்பர் 15ல தீர்ப்பு வருது, பெஞ்சுக்கு தலைமை ஹிதயத்துல்லா, மறுநாள் அவருக்கு ரிட்டயர்மெண்ட். போன வருஷம்தான் குடியரசுத் தலைவர் நாற்காலியில உக்காந்து எழுந்து வந்தவரு, அந்த நாற்காலியில இருந்து வந்த உத்தரவையே கொஞ்சமும் தயங்காம சட்டத்த வச்சு அளந்திருக்காரு.

இதெல்லாம் பிடிபட்டதுக்கு அப்புறம் பின்னாடி போங்க. 1905ல பிறப்பு, நாக்பூர்ல படிப்பு, கேம்பிரிட்ஜ், லண்டன்ல பாரிஸ்டர் ஆக படிக்கற லிங்கன்ஸ் இன், 1930ல நாக்பூர்ல வக்கீல், 1954ல அங்கயே ஹைகோர்ட் தலைமை நீதிபதி, 1958ல உச்ச நீதிமன்றம், 1968ல தலைமை நீதிபதி, இத வேகமா ஒரு தடவ ஓட்டுனா போதும். கோலக்நாத் தீர்ப்புல மட்டும் நில்லுங்க, அடிப்படை உரிமைய பார்லிமெண்ட் குறைக்க முடியாதுன்னு 6க்கு 5ல வந்த தீர்ப்பு, அந்த ஆறுல அவரும் ஒருத்தர், ஆனா தனியா எழுதினாரு. அவரே எழுதின சுயசரிதை 1980ல வந்துச்சு, தீர்ப்புகள படிச்சுட்டு அப்புறமா அத எடுங்க, அப்பதான் மனுஷன் என்ன சொல்றாருன்னு நிதானமா எடை போட முடியும்.

கடைசியா 1982. 1979ல போட்டியில்லாம துணைத் தலைவர் ஆனவரு, குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் சிகிச்சைக்கு வெளிநாடு போனப்போ அக்டோபர்ல மறுபடி குடியரசுத் தலைவர் வேலைய பாத்தாரு. எத்தன தடவைன்னு கேட்டா ரெண்டுன்னு எழுதிட்டு விட்டுடாதீங்க, முதல் தடவ தலைமை நீதிபதியா 1969 சட்டத்துப்படி, ரெண்டாவது தடவ துணைத் தலைவரா 65வது பிரிவுப்படின்னு சேர்த்து எழுதுங்க.