ஹவெவர் வந்தால் காற்புள்ளியைப் பாருங்கள்

பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் முடித்து வந்த தம்பி மகளின் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் ஒரே சொல்லைச் சுற்றி மூன்று சிவப்பு வட்டம்: ‘ஹவெவர்’ (however). ‘பட்’ வர வேண்டிய இடத்தில் எல்லாம் அதைப் போட்டிருந்தாள். பொருள் ‘ஆனால்’தான், சரி. ஆனால் ‘பட்’ இரண்டு வாக்கியத்தை ஒட்டும், ஹவெவர் ஒட்டாது. அதனால் முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், பின்னால் காற்புள்ளி: ‘ஐ லெஃப்ட் எர்லி; ஹவெவர், ஐ வாஸ் லேட்.’ (கோலாலம்பூர் நெரிசலில் தினமும் உதவும் வாக்கியம்.) நடுவில் வந்தால் இரு பக்கமும் காற்புள்ளி: ‘த ஷாப், ஹவெவர், வாஸ் குளோஸ்ட்.’

இன்னொரு ஹவெவர் இருக்கிறது. பலர் வழுக்குவது அங்கேதான். தைப்பூசத்துக்கு முன்னால் இப்படி எழுதலாம்: ‘ஹவெவர் ஹார்ட் இட் ரெயின்ஸ், வீ வில் வாக் டு பத்து கேவ்ஸ்.’ எவ்வளவுதான் மழை பெய்தாலும் பத்துமலைக்கு நடந்தே போவோம் என்று பொருள். இங்கே ஹவெவரை அடுத்துக் காற்புள்ளி வைத்தால் வாக்கியமே உடைந்துவிடும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ‘நோ மேட்டர் ஹவ்’ போட்டுப் படித்துப் பாருங்கள். பொருந்தினால் அதை ஒட்டிக் காற்புள்ளி வேண்டாம்.