எலிமெண்டல்களை அழைக்கும் முன் அனுப்பி வைக்கப் பழகுங்கள்

எலிமெண்டல்களை, அதாவது நிலம், நீர், காற்று, தீ ஆகியவற்றுக்கு உரிய ஆவிகளை, முதல் முறையாக அழைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காற்றில் ஐந்து முனை நட்சத்திரம் வரையும் பென்டகிராம் சடங்கு செய்யத் தெரியும், நான்கு திசைகளுக்கு உரிய எபிரேயத் தெய்வப் பெயர்களும் தாளைப் பார்க்காமல் வாயில் வரும் என்று எடுத்துக்கொள்கிறேன். வராவிட்டால் சில மாதம் அதை மட்டும் தினமும் செய்யுங்கள், அப்புறம் இதைப் படிக்கலாம்.

நிலத்துக்கு நோம், நீருக்கு அண்டீன், காற்றுக்கு சில்ஃப், தீக்கு சாலமண்டர் என்ற வரிசை சுவிஸ் மருத்துவர் பாராசெல்சஸிடமிருந்து (1493–1541) வருவது. 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மாந்திரீகச் சங்கத்தார் அவற்றைத் திசை, கருவி, தேவதூதர் என்று சடங்குக்குள் அடுக்கினார்கள். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: நம்மிடம் நான்கும் கலந்திருக்கின்றன, அவற்றிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதனால் அவற்றுக்குக் கெடுக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் அளவு தெரியாது. தீயோடு மட்டும் பழகினால் வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுவீர்கள், நீரோடு மட்டும் பழகினால் காரணமில்லாமல் கண் கலங்கும்.

நிலத்தில் தொடங்குங்கள், தீயைக் கடைசிக்கு விடுங்கள். கோல்டன் டான் படிநிலைகளும் நிலம், காற்று, நீர், தீ என்றுதான் ஏறுகின்றன.

திசை

வாஸ்துவை இதில் கலக்க வேண்டாம். அக்கினி மூலை தென்கிழக்கு, வாயு மூலை வடமேற்கு என்பது அந்த முறைக்குச் சரி. இங்கே காற்று கிழக்கு, தீ தெற்கு, நீர் மேற்கு, நிலம் வடக்கு. நாகர்கோவில்காரர்களுக்கு இது மனதில் எளிதாக நிற்கும். வடக்கே மலை, மேற்கே போனால் குளச்சல் கடல், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று கிழக்குப் பக்கம். தெற்கிலும் கடல்தானே என்று கேட்பீர்கள், இருந்தாலும் தெற்கு தீக்குத்தான், மாற்ற வேண்டாம். போனில் திசை பார்த்தால் இரும்புக் கட்டில், பீரோ பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள், முள் தப்பாகக் காட்டும்.

அனுப்பி வைப்பது

பெரும்பாலோர் இடறும் இடம் இது. அழைக்கும் வாசகத்தை வாரக்கணக்கில் மனப்பாடம் செய்துவிட்டு, அனுப்புவதற்கு ஒரு வரி சொல்லி விளக்கை அணைத்துவிடுகிறார்கள். நான் சொல்வது தலைகீழ் வரிசை: அனுப்பும் வாசகம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும், அதுவரை அழைக்காதீர்கள். தெய்வப் பெயர்களை எபிரேயத்திலேயே விட்டுவிடுங்கள், விடை கொடுப்பதைத் தமிழில் சொல்லுங்கள். பதற்றத்தில் வாய்க்கு வருவது தாய்மொழிதான். நான் சொல்வது இப்படி: “வந்ததற்கு நன்றி. உங்கள் இடத்துக்கு அமைதியாகத் திரும்பிப் போங்கள். போகிற வழியில் எவருக்கும் தீங்கு செய்யாதீர்கள். நமக்குள் சமாதானம் இருக்கட்டும்.”

அப்புறம் நட்சத்திரத்தை வரையும் கோடு. நிலத்தை அழைக்கும்போது உச்சி முனையிலிருந்து இடது கீழ் முனைக்கு இழுக்கிறோம், அனுப்பும்போது இடது கீழிலிருந்து உச்சிக்குப் போகிறோம். சடங்கின் முடிவில் கை சோர்ந்திருக்கும், பழக்கத்தில் மறுபடி மேலிருந்தே இறங்கும், அனுப்புவதாக நினைத்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். தொடங்கும் முனையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கையை எடுங்கள். நீரிலும் காற்றிலும் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் நீரை அழைக்கும் கோடும் காற்றை அனுப்பும் கோடும் ஒன்றேதான், இடது மேல் முனையிலிருந்து வலது மேல் முனைக்கு. நிலத்தில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடுவில் பயம் வந்தால், சடங்குக்காகச் சுற்றிப் போட்ட வட்டத்தை விட்டு ஓடாதீர்கள். மீதியை விட்டுவிட்டு நேராக விடை கொடுக்கும் வாசகத்துக்குப் போங்கள். துணியில் தீ பிடித்தாலோ மூச்சு முட்டினாலோ இந்த விதி கிடையாது, உடனே வெளியே வாருங்கள், வாசகத்தை முற்றத்தில் நின்றும் சொல்லலாம். முடித்த பிறகு உப்புப் போட்டு ஏதாவது சாப்பிடுங்கள், நாட்குறிப்பில் நேரம், காற்று, மனநிலை எழுதுங்கள். ஒரே மனநிலை நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் அனுப்பும் சடங்கை மட்டும் தினமும் செய்யுங்கள், புதிதாக எதையும் அழைக்காதீர்கள்.

பொருள்கள்

வட்டத்துக்கு எனக்குப் பிடித்தது தும்புக் கயிறு (தேங்காய் நார்க் கயிறு), ஈத்தாமொழிப் பக்கம் நல்லதாகக் கிடைக்கும். கோலமாவு போட்டால் எறும்பு வரும், சாக்பீஸ் கால் பட்டு அழியும். நிலத்துக்குத் தட்டில் கல்லுப்பு, புத்தளம் உப்பளத்து உப்பு போதும், பாக்கெட் தூள் உப்பு வேண்டாம். சடங்கில் கையில் பிடிக்கும் குத்துவாளுக்குக் கூர் தேவையில்லை, மரத்தில் செய்தது நல்லது. தூபத்துக்குக் குங்கிலியம்தான், கம்ப்யூட்டர் சாம்பிராணி எனக்கு ஆகாது. ஆனால் சிரட்டைக்கரியை மூடிய அறையில் எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தலை சுற்றுவதை ஆவி வந்ததாக நினைத்து உட்கார்ந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. எதிரெதிராக இரண்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள், பருத்தித் துணி உடுத்துங்கள்.

அண்டீனை அழைக்க முட்டம் கடற்கரைப் பாறைக்கோ திற்பரப்பு அருவிக்கோ போக வேண்டாம். 2024 மே மாதம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. கள்ளக்கடல் எச்சரிக்கை உள்ள நாளில், வானம் தெளிவாக இருந்தாலும் அலை திடீரென்று ஏறும், கண்ணை மூடி நிற்கிறவருக்கு அது தெரியாது. ஒரு செம்புத் தண்ணீர் போதும்.

எப்போது செய்யக்கூடாது

தூக்கம் கெட்ட நாளில், சண்டை போட்ட நாளில், குடித்திருக்கும்போது, வீட்டில் மரணம் நடந்து மனம் ஆறாதபோது வேண்டாம். மனநலத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் சடங்குக்காக அதை நிறுத்தவே கூடாது. யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கும் பழக்கம் முன்பே இருந்தவர்கள் இந்தப் பாதைக்கு வர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, மருத்துவரிடம் பேசுங்கள்.

பிறகு சேர்த்தது: குடும்பத்து மாடன் பீடத்திலோ இசக்கியம்மன் கோயில் முற்றத்திலோ செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். செய்யாதீர்கள். அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது, அதற்கென்று கொடையும் பூசையும் முறையும் இருக்கிறது. அந்த இடத்தில் நின்று வேறொரு முறையில் நான்கு திசைக்கும் “போ” என்று சொல்வது மரியாதை இல்லை. நாகங்களை வழிபடும் பாம்புக்காவிலும் இதே பதில்தான். வாடகை வீட்டின் மொட்டை மாடி என்றால், சொந்தக்காரரிடம் தியானம் என்று சொல்லி அனுமதி வாங்கிவிட்டு, கரி இல்லாமல் ஒரு அகல் விளக்கோடு செய்யுங்கள்.