மீன் இல்லாத கடல்நீர்த் தொட்டி: அறிவியல் கண்காட்சிக்கு ஒரு சோதனை

கடல்மீன் தொட்டியை வைத்து அறிவியல் கண்காட்சியில் கலந்துகொள்ள விரும்பும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மீன் வாங்கலாம் என்பதைத்தான். மீனே வேண்டாம் என்பது என் பதில். புதிதாக உப்புநீர் நிரப்பிய தொட்டியில், கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறியிருக்காது. அவை பெருகுவதற்கு முன் மீனை விட்டால், அது தன் கழிவின் நஞ்சிலேயே துன்புற்றுச் சாகும். அந்தப் பாக்டீரியாக்களின் வேலையையே சோதனையாக்கினால் ஒரு மீனையும் வதைக்க வேண்டியதில்லை.

அமோனியாவை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டையொட்டி இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். நம் கேள்வி இதுதான்: பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சு அமோனியாவைக் குறைப்பது, அதில் உயிர் இருப்பதாலா, அல்லது பஞ்சு என்பதாலா?

படி 1: நாள் குறித்தல். கடல்நீரில் இந்த மாற்றம் முழுமையடைய 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். ஆகவே கண்காட்சிக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள்.

படி 2: உப்புநீர். கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. சமையல் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. கடல்நீரில் உள்ள மெக்னீசியம், கால்சியம், பைகார்பனேட் ஆகியவை அதில் போதிய அளவு இல்லை. எனவே கடல்மீன் கடைகளில் விற்கும் உப்புக் கலவையை வாங்கி, 20 லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரைத்து, ஒரு நாள் முழுவதும் காற்று செலுத்தியபின் ஹைட்ரோமீட்டர் என்னும் அடர்த்திமானியால் அளந்து, ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 அருகே வருமாறு சரிசெய்யுங்கள். கடற்கரையில் கிடக்கும் பவளக்கல்லைத் தொட்டிக்காக எடுத்து வராதீர்கள். கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை.

படி 3: பஞ்சு. பல மாதங்களாக ஓடும் கடல்மீன் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சு ஒன்று தேவை. நன்னீர்த் தொட்டியின் பஞ்சு இதற்கு உதவாது. அதில் வாழும் பாக்டீரியாக்கள் திடீரென உப்புநீரில் விழுந்தால் பெரும்பாலும் செயலிழந்துவிடும். சென்னையில் இருப்பவர்கள் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விசாரிக்கலாம். பஞ்சை அதே தொட்டியின் நீரில் நனைந்தபடி கொண்டுவாருங்கள். குழாய் நீரில் அலசினால் குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். அதை ஒரே அளவான 6 துண்டுகளாக நறுக்கி, மூன்றை மட்டும் உப்புநீரில் 10 நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். இப்போது இரு தொகுதிகளும் ஒரே பஞ்சு, ஒரே அழுக்கு. வேறுபாடு உயிர் ஒன்றே.

படி 4: ஜாடிகள். 6 ஜாடிகளில் தலா 3 லிட்டர் உப்புநீர் ஊற்றி, ஜாடிக்கு ஒரு துண்டாகப் போட்டு, நீர்மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு, ஏர் பம்பிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே அளவு காற்று கொடுங்கள். ஒவ்வொன்றையும் துணியால் மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெளிச்சத்தில் பாசி வளர்ந்தால் அதுவும் அமோனியாவை உறிஞ்சி, கணக்கைக் குழப்பிவிடும்.

படி 5: அமோனியா. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் 6.3 கிராம் அமோனியம் குளோரைடை, அதாவது நவச்சாரத்தை, நிறுத்து எடுத்து, நீரில் கரைத்து, கரைசலை 1 லிட்டராக்குங்கள். இந்தக் கரைசலில் 1 மில்லி, 1 லிட்டர் தொட்டி நீரில் கலந்தால் சுமார் 2 மில்லிகிராம் அமோனியா கிடைக்கும். ஆகவே ஜாடிக்கு 3 மில்லி போதும். ஒரு முறை மட்டுமே சேர்க்க வேண்டும்.

படி 6: அளத்தல். உண்மையான வேலை இங்கேதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதே நேரத்தில், கடல்நீருக்குரிய டெஸ்ட் கிட்டால் அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் அளக்க வேண்டும். வழக்கமான திரவக் கிட்களில், அமோனியா இல்லாத நீர் எலுமிச்சைத் தோல் போன்ற மஞ்சளாகவே நிற்கும். அளவு கூடக்கூட அது இளந்தளிர்ப் பச்சையாகி, பின் கரும்பச்சைக்குப் போகும். குழாயை வெள்ளை அட்டைமுன் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் அருகருகான இரு நிறங்களைப் பிரித்தறிய முடிவதில்லை. உயிருள்ள தொகுதிக்கும் கொதிக்கவைத்த தொகுதிக்கும் தனித்தனிச் சொட்டுக்குழாய்களைப் பயன்படுத்துங்கள்.

நீர்மட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வழிகாட்டிய ஒரு மாணவி, குறைந்த நீருக்கு ஈடாக இரண்டு வாரம் உப்புநீரையே ஊற்றி வந்தாள். ஹைட்ரோமீட்டரை இட்டபோது அளவு வெகுவாக ஏறியிருந்தது. சோதனையை மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. ஆவியாவது நீர் மட்டும்; உப்பு ஜாடியிலேயே தங்கிவிடும். ஆனால் சோதனைக்காக நாம் முகந்து எடுக்கும் நீரோடு உப்பும் வெளியே போகிறது. இவ்விரண்டையும் பிரிக்க எளிய வழி உண்டு. முதலில் பேனாக்கோடு வரை ஆர்.ஓ. நீரை ஊற்றிக் கலக்குங்கள். அதன்பின் சோதனைக்கு நீர் எடுங்கள். எடுத்தபின் உள்ள மட்டத்தில் புதிய கோடு போடுங்கள்.

படி 7: வரைபடம். கிடை அச்சில் நாள், செங்குத்து அச்சில் மில்லிகிராம். உயிருள்ள மூன்று ஜாடிகளின் சராசரியை ஒரு நிறத்திலும், கொதிக்கவைத்தவற்றின் சராசரியை வேறொரு நிறத்திலும் வரையுங்கள். அமோனியா இறங்கும்போது நைட்ரைட் ஏறி, பின் அதுவும் இறங்க நைட்ரேட் ஏறுவதைக் காணலாம். முதிர்ந்த பஞ்சாக இருந்தால் நைட்ரைட் ஏறுவது கண்ணில் படாமலேயும் போகலாம். அமோனியா எங்கே போனது என்று நடுவர் கேட்டால் கணக்கைக் காட்டுங்கள்: லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா முழுவதும் மாறினால் சுமார் 7 மில்லிகிராம் நைட்ரேட் உருவாக வேண்டும். பஞ்சின் அழுக்கிலிருந்தும் சிறிது வரக்கூடும் என்பதால், முதல் நாள் நைட்ரேட் அளவைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

சோதனைக் குழாயின் நிறம் நெடுநேரம் நிலைக்காது. ஒவ்வொரு முறையும் வண்ண அட்டையோடு சேர்த்துப் படம் எடுத்துவிடுங்கள். கொதிக்கவைத்த ஜாடிகளிலும் சில வாரங்களுக்குப் பின் அமோனியா குறையத் தொடங்கலாம். காற்றோடும் தூசியோடும் வந்த பாக்டீரியாக்கள் அங்கே குடியேறியிருக்கும். சோதனை கெட்டுவிட்டது என்று எண்ணி அந்தப் புள்ளிகளை நீக்காதீர்கள். குறைவு தொடங்கிய நாளையும் வரைபடத்தில் குறித்து வையுங்கள்.