சேலத்து வெள்ளைக்கல்லின் என்.எம்.ஆர். அளவுகளைக் கணினியில் கணிக்கும் முறை

சேலத்தில் கருப்பூர்ப் பக்கம் வெட்டியெடுக்கப்படும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், திண்மங்களின் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) அளவுகளைக் கணிக்கப் பழகுபவருக்கு நல்ல முதல் பாடம். அதன் மிகச்சிறிய அலகுக்கூட்டில் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டத்தில்) பத்தே அணுக்கள் இருப்பதால் மேசைக் கணினியே போதும். விடையில் ஒரு பகுதி முன்கூட்டியே தெரிந்திருப்பது அதைவிடப் பெரிய வசதி. மெக்னீசியம் அணு மும்மடிச் சுழற்சி அச்சின் மீது அமர்ந்திருப்பதால், மெக்னீசியம்-25 கரு உணரும் மின்புலச் சரிவின் சமச்சீரின்மை அளவான ஈட்டா சுழியாகத்தான் வர வேண்டும்.

கருவை எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்திலிருந்து மறைக்கும் அளவைக் கணிக்க, தனி மூலக்கூறுக்கு ஜியாவோ (GIAO) முறை பொருந்தும். படிகத்துக்கு 2001இல் பிக்கார்டும் மவுரியும் வெளியிட்ட ஜிப்பா (GIPAW) முறையே ஏற்றது (சட்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை). குவாண்டம் எஸ்பிரெசோ என்ற இலவச மென்பொருள் தொகுப்பில் இதற்கெனத் தனி நிரல் உண்டு. அணுவின் உள் எலெக்ட்ரான்களின் விளைவைச் சுருக்கித் தரும் சூடோபொட்டன்ஷியல் கோப்பில் ஜிப்பாவுக்கான மீளமைப்புத் தரவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் கருவின் அருகே உள்ள மின்னோட்டத்தைக் கணக்கிட முடியாது.

பெரும்பாலான பிழைகள் அணு ஆயங்களை உள்ளிடும்போதே நுழைகின்றன. மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எழுதிவிட்டு, ஈட்டா ஏன் சுழியாகவில்லை என்று ஒரு நாள் முழுக்க நான் தேடியிருக்கிறேன்; இலக்கங்கள் குறைந்ததால் சமச்சீர் உடைந்திருந்தது. இப்போதெல்லாம் வெளியீட்டில் 12 சமச்சீர்ச் செயல்கள் கண்டறியப்பட்டதாக வரி வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே செல்கிறேன்.

மின்புலச் சரிவுக் கணக்குக்கு மெக்னீசியம்-25இன் நான்முனைத் திருப்புதிறனை (கருவின் மின்னூட்டம் கோள வடிவிலிருந்து விலகும் அளவை) 19.94 என்று தர வேண்டும். நிரலின் அலகு 10⁻³⁰ சதுர மீட்டர் என்பதால், அட்டவணையில் காணும் 199.4 மில்லிபார்னை (ஒரு மில்லிபார்ன் 10⁻³¹ சதுர மீட்டர்) அப்படியே இட்டால் விடை பத்து மடங்காகிவிடும். கணக்கின் நுணுக்கத்தைத் தீர்மானிக்கும் வெட்டாற்றலையும் (அலைகளின் ஆற்றல் வரம்பு) கே-புள்ளிகளையும் (அலைத்திசையன் மாதிரிப் புள்ளிகள்) படிப்படியாகக் கூட்டி, விடை அசையாத இடத்தில் நிறுத்துங்கள்.

கிடைக்கும் மறைப்பு மாறிலி, சோதனையில் அளக்கப்படும் வேதிப்பெயர்ச்சி ஆகாது. மேற்கோளின் (ஒப்பீட்டுக்கான பொருளின்) மதிப்பிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைக்கும் மெக்னீசியம் ஆக்சைடையே மேற்கோளாகக் கொள்ளலாம்: அதன் பெயர்ச்சி சுமார் 26 பிபிஎம், கனசதுரப் படிகமாதலால் மின்புலச் சரிவும் சுழி. இருப்பினும், ஒரே சேர்மத்தை நம்பாமல் நாலைந்தை வைத்து நேர்கோடு பொருத்துவதே சரி.

அடுத்து ஏற்காட்டு பாக்சைட்டிலுள்ள கிப்சைட்டை (அலுமினியம் ஹைட்ராக்சைடு கனிமத்தை) எடுக்கலாம். அதில் எக்ஸ்-கதிர் காட்டும் ஹைட்ரஜன் இடங்கள் நம்பத்தக்கவை அல்ல என்பதால், மற்ற அணுக்களை நிறுத்திவைத்து ஹைட்ரஜனை மட்டும் முதலில் தளர்த்துங்கள். அதன் பிறகு இரண்டு அலுமினிய இடங்களின் நான்முனை மாறிலிகளும் (கருவின் நான்முனைத் திருப்புதிறனும் மின்புலச் சரிவும் சேர்ந்து தரும் அளவுகள்) ஒன்று 2 மெகாஹெர்ட்ஸ் அருகிலும் மற்றது 4க்கு மேலும் எனப் பிரிந்து வர வேண்டும்.